நீர் மாத்திரை பற்றி நீ கேட்டது

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். "மூச்சு வாங்குதுன்னு போன மனுஷனுக்கு, ஒண்ணுக்குப் போறதுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்காங்களே, சரியாத்தான் பார்த்தாங்களாப்பா?" என்றாய். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அத்தனை பேச அன்று மூச்சு போதவில்லை என்பதுதான் நிஜம். இப்போது போதுகிறது. ஆனாலும் போனில் சொன்னால் நடுவில் நீ பத்துக் கேள்வி கேட்பாய். அதனால் எழுதுகிறேன்.

31 வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். இரத்த ஓட்டம் ஒரு பாடம், சுவாசம் ஒரு பாடம், கழிவுநீக்கம் ஒரு பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பாகங்களைக் குறிக்க ஐந்து மதிப்பெண். உன் கேள்வியை ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றும்படி நான் நடத்தவும் இல்லை. மூன்று பாடமும் ஒரே கதை என்பது, என் காலில் அம்மா கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்த அன்றுதான் எனக்கே உறைத்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல் அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். குழி விழுந்தது. ஈர மாவில் விரல் பட்ட மாதிரி, ஒரு நிமிஷம் ஆகியும் அது மேலே வரவில்லை.

இதயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இதயம் ஒன்று என்று சொல்கிறோமே தவிர, அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்பு. வலப்பக்கம், உடம்பைச் சுற்றி வந்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். இடப்பக்கம், நுரையீரலிலிருந்து வருவதை வாங்கி உடம்பு முழுக்கத் தள்ளும். வலப்பக்கத்துக்கு வேலை சுலபம், நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் உச்சி முதல் பாதம் வரை அனுப்ப வேண்டும். அதனால் இடது வெண்ட்ரிக்கிளின், அதாவது இரத்தத்தை வெளியே தள்ளும் இடது கீழறையின் சுவர் வலதைப்போல மூன்று மடங்கு தடிமன், அது தரும் அழுத்தமோ கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்களே, அந்த 120 இடப்பக்கத்தின் கணக்கு. நுரையீரலுக்குப் போகும் தமனியில் சுமார் 25தான்.

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஐந்து லிட்டர். உடம்பில் இருக்கும் இரத்தமே ஐந்து லிட்டர்தான். ஆக, நிமிஷத்துக்கு ஒருமுறை மொத்தமும் சுற்றி வந்துவிடுகிறது. இந்த மாதிரிப் பெருக்கலை, துடிப்பின் அளவை வேண்டுமென்றே குறைத்து வைத்துப் போட்டுத்தான் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் பழைய நம்பிக்கையை உடைத்தார். அதுவரை, கல்லீரல் இரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அதைத் தீர்த்துக்கொண்டே இருக்கிறது என்று நினைத்தார்கள். அரை மணியில் இதயம் தள்ளுவது உடம்பிலிருக்கும் மொத்த இரத்தத்தையும் மிஞ்சுகிறதே, அப்படியானால் அதுவேதான் திரும்பி வந்தாக வேண்டும் என்றார். தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளைப் பார்த்தார். ஹார்வி இறந்து அதற்குள் நான்கு வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும்.

இப்போது என் சங்கதி. இரண்டு பம்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வட்டத்தில் இருக்கின்றன. வலது அனுப்புவதை இடது அப்படியே தள்ளியாக வேண்டும். ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி இடது பின்தங்கினால் என்ன ஆகும், போட்டுப் பார். நிமிஷத்துக்கு 70 மில்லி நுரையீரலில் தேங்கும். ஏழு நிமிஷத்தில் அரை லிட்டர். அப்படி ஆகாமல் இருப்பதற்குக் காரணம், அதிகமாக இரத்தம் வந்து தசை இழுபட்டால் அடுத்த துடிப்பைக் கூடுதல் பலத்தோடு அடிக்கும் குணம் இதயத்துக்கே இருப்பதுதான். என் இடது வெண்ட்ரிக்கிள் பல வருஷமாக உயர்ந்த பி.பி.யை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்து விறைத்துப்போயிருக்கிறது என்று எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. விறைத்த தசை சரியாக விரியாது. விரியாத அறைக்குள் இரத்தம் நுழைய வேண்டுமென்றால் பின்னாலிருந்து அழுத்தம் ஏற வேண்டும். பின்னால் இருப்பது நுரையீரல்.

நுரையீரல் ஈரம் அதிகமானால் தாங்காது. கோடிக்கணக்கான நுண்காற்றுப்பைகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தந்துகி வலை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், நீ எழுதும் தாளின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியில் இருப்பது முக்கால் விநாடி. அதற்குள் கரியமில வாயுவை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள வேண்டும். மெல்லிய சுவர் என்பதால் அதில் கால் விநாடியே போதும், மீதி கையிருப்பு. பின்னாலிருந்து அழுத்தம் ஏறினால் அந்தச் சுவர் வழியாக நீர் கசிகிறது. அவ்வளவுதான் என் நோய்.

"விரலில் மாட்டிப் பார்த்தா ஆக்சிஜன் 95 காட்டுதே, அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?" என்றும் கேட்டாய். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. கீழே உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும் இழுத்து விரிக்க வேண்டும். உலர்ந்த பஞ்சையும் நனைந்த பஞ்சையும் பிசைந்து பார். நனைந்த நுரையீரலை விரிக்கத் தசை படும் பாடு அதிகம், அந்தப் பாடுதான் மூளைக்கு மூச்சுத்திணறலாகத் தெரிகிறது. ஆக்சிஜன் குறைவது அதற்கப்புறம் நடக்கலாம். படுத்தால் இன்னும் மோசம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், கால் உயர்ந்ததும் இரத்தத்துக்குத் திரும்பி நேரே நெஞ்சுக்கு வரும். மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கினேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றிரவே கிளம்பி வந்திருப்பாய்.

சிறுநீரகம் இங்கேதான் வருகிறது. வாழ்நாளெல்லாம் அதைக் கழிவு வெளியேற்றும் உறுப்பு என்று சொல்லிக்கொடுத்து அதற்கு அநியாயம் செய்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து 300 கிராம். இதயம் தள்ளும் இரத்தத்திலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்கே போகிறது. வெறும் கழிவுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் என்ற நுண்வடிகட்டி சுமார் பத்து லட்சம். நாளைக்கு 180 லிட்டர் நீரை வடித்து எடுத்து, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு மற்றதையெல்லாம் திரும்ப இரத்தத்தில் சேர்க்கின்றன. அந்த 180 லிட்டரோடு வடிந்து வரும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ! அதிலும் சில கிராம் தவிர அத்தனையும் மீட்கப்படுகிறது. எதை எவ்வளவு மீட்பது என்பதை மாற்றி மாற்றித்தான் உடம்பில் எவ்வளவு நீர், எவ்வளவு இரத்தம், எவ்வளவு பி.பி. என்பதைச் சிறுநீரகம் தீர்மானிக்கிறது. சிவப்பணு குறைந்தால் எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புவதும் அதுதான்.

ஆனால் அதற்குக் கண் கிடையாது. தன்னிடம் வரும் இரத்தத்தின் அழுத்தத்தை வைத்துத்தான் வெளியே என்ன நடக்கிறது என்று ஊகிக்கும். இதயம் சோர்ந்து இரத்தம் குறைவாக வந்தால், "உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். அடிபட்டு இரத்தம் போன உடம்புக்கு அது சரியான முடிவு. ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், இரத்தக்குழாய்கள் இறுகும், உப்பைப் பிடித்து வைக்கும், உப்போடு நீரும் நிற்கும். என் விஷயத்திலோ நீர் ஏற்கெனவே கூடுதல். சோர்ந்த இதயத்துக்கு இன்னும் சுமை, நுரையீரலில் இன்னும் ஈரம், சிறுநீரகத்துக்கு இன்னும் குறைவான இரத்தம். அது இன்னும் பிடித்து வைக்கும். மூன்று பேரும் நல்லெண்ணத்தோடு சேர்ந்து என்னை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீர் மாத்திரை இந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டுகிறது. வடிந்த உப்பில் ஏறத்தாழ கால் பங்கை மீட்பது நெஃப்ரானில் ஹென்லே வளைவு என்ற பகுதி. அங்கே உப்பை ஏற்றும் வாசலை மாத்திரை அடைத்துவிடும். உப்பு வெளியே போகும், நீரும் கூடவே போகும். இரத்தத்தின் அளவு குறையும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், நுரையீரலில் அழுத்தம் இறங்கும், கசிந்தது மெல்ல உள்வாங்கும். டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பொட்டாசியமும் சேர்ந்து போய்விடும் என்பதால் அடுத்த வாரம் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உப்பைக் குறைக்கவும் சொன்னார். உடம்பில் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் ஒரு லிட்டர் நீர் தங்கும், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அதனால் தினமும் காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டுமாம்.

போன வாரம் 74.6. இன்று காலை 71.9. மாத்திரை போட்டால் அரை மணியில் வேலையைக் காட்ட ஆரம்பிக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். எங்கெங்கே எழுந்தேன் என்று கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அம்மா இன்னமும் காலையிலும் மாலையிலும் என் காலை அழுத்திப் பார்க்கிறாள். குழி விழுகிறது, ஆனால் எண்ணத் தொடங்குவதற்குள் மேலே வந்துவிடுகிறது. மூன்றாவது தலையணையை நேற்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா