எங்கள் வாசற்படி ஏறி வந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் பங்கு மக்களுக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

பிப்ரவரி கடைசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 74. ஈப்போவில் அறுவை சிகிச்சை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வரை போய் என் சமையலில் குறை கண்டுபிடிக்கிறார். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஷா ஆலாமில் வேலை செய்கிறவன். முதல் இரண்டு வாரம் பணம் அனுப்பினேன். தினமும் காலையில் பூப்படத்தோடு ஒரு வேத வசனமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருநாள் தங்கை கேட்டாள்: "அண்ணா, வசனத்தை நான் படித்துக் காட்டிடுறேன். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க யார் வருவா?" அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

வந்து கட்டிலருகே உட்கார்ந்த பிறகுதான் வேதாகமத்தில் வரும் தாவீது ராஜாவின் கதை எனக்கு உறைத்தது. கடவுளின் பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பேழையைத் தோளில்தான் சுமக்க வேண்டும். ஆனால் முதல் தடவை அதை ஒரு புது வண்டியில் ஏற்றி மாடு பூட்டி ஓட்டினார்கள். வழியில் மாடு இடற, பேழையைப் பிடிக்கப்போன ஊசா செத்து விழுந்தான். தாவீது பயந்துபோய் அதை ஓபேது ஏதோம் வீட்டில் விட்டுவிட்டார். அங்கே மூன்று மாதம் இருந்தது. அந்தக் குடும்பமே ஆசி பெற்றது. அடுத்த தடவை கோயில் ஊழியத்துக்குரிய லேவியர்கள் தண்டு கோத்துத் தோளில் சுமந்தார்கள். தாவீது முன்னால் ஆடிக்கொண்டு போனார். நான் வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் தோளில் சுமந்து வந்தீர்கள்.

ஞாயிறு தவறாமல் நற்கருணை (பூசையில் ஆண்டவராகவே நாங்கள் பெறும் அப்பம்) கொண்டுவந்த மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது? ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர், அந்தக் காலத்தில் அம்மாவை மர நிரையில் வைத்து ஏசியவரும் அவர்தான். நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, செம்பனைக் காட்டுச் சாலையில் மோட்டாரை மெதுவாக ஓட்டி வருவார். கோப்பிக்கடையில் கூட்டாளிகள் கூப்பிட்டாலும் சிரித்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காமல் வந்துவிடுவார். வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, செபம், நற்கருணை, கொஞ்ச நேரம் மௌனம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் "ஆத்தா, தேத்தண்ணி இருக்கா?" என்பார். அதன் பின் ஒரு மணி நேரம் வீடு அதிரும். அம்மா வலியை மறந்து அவரோடு பழைய கணக்கெல்லாம் தீர்ப்பார்.

அம்மாவோடு சேர்ந்து பால் வெட்டிய பெரியம்மாவும் தினம் மத்தியானம் வந்தார். மாரியம்மன் பக்தை. "நீங்க கடவுளைக் கொண்டுவந்தீங்க" என்று நான் சொன்னபோது, "போடா, நான் சீப்புதான் கொண்டுவந்தேன்" என்றார். உண்மைதான். மடிப்பையில் சீப்பும் எண்ணெயும் இருக்கும். முடியைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டே, விடியற்காலை இருட்டில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போனதையும், பாம்பென்று கத்திப் பால் வாளியைக் கொட்டிவிட்டு ஓடியதையும் சொல்லுவார். அது காய்ந்த கிளையாம். நூறு தடவை கேட்ட கதைக்கு அம்மா நூற்றோராவது தடவையும் சிரித்தார்.

சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டும் வந்தார்கள். தப்பு சொல்லவில்லை, வந்ததே பெரிசு. ஆனால் அவர்கள் போனதும் அம்மா, "நான் இன்னும் சாகலடா, எதுக்கு எழவு வீட்டு மூஞ்சி?" என்று கேட்பார். படுத்திருக்கிறவர்களுக்குச் சிரித்த முகம் எவ்வளவு தேவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளியலறையில் கைப்பிடிக் குழாய் பொருத்தி, வாசற்படியில் சரிவுப் பலகை போட்ட இளையோர் பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. கித்தார் எடுத்துப் பாடியதற்கும்தான். புதுப் பாட்டெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் முன்னே வேலிக்கு மேலாக நீட்டிய கஞ்சியை நாங்கள் மறக்கமாட்டோம்.

மே 31, மாதா தன் உறவினர் எலிசபெத்தைச் சந்தித்த திருநாள். வயிற்றில் ஆண்டவரைச் சுமந்துகொண்டு மலைநாட்டுக்கு விரைந்து போனார். அங்கேயும் ஏறக்குறைய மூன்று மாதம்தான். இவர் குரல் கேட்டதுமே எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது. அன்றைக்கு அம்மாவுக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அம்மாவும் வாக்கரோடு வருகிறார். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கும் போயே தீருவேன் என்கிறார். அதைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். உங்கள் வீட்டு மங்கும் (கிண்ணமும்) டப்பாவுமாக 11 எங்கள் அலமாரியில் கிடக்கின்றன. சிவப்பு மூடி போட்டவை மூன்று, யாருடையவை என்றே தெரியவில்லை. பூசை முடிந்து தேத்தண்ணிக்கு வரும்போது பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மங்காகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா முறுக்குச் சுட வைத்திருக்கிறார், என்னை.