வராதவர்களைத் தேடி

அன்புள்ள கமலா,

இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? திண்டுக்கல்காரி போனில் பேசினாள். இன்னும் அதே வார்டன் அம்மா கதைதான், இன்னும் அதே சிரிப்புதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊராட்சியில் அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் எழுதுகிறார்கள். "சுகாதாரப் பகுதியை நீங்களே பாருங்கக்கா" என்று தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். மகளிர் குழுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பார்த்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

நாம் கிராமச் செவிலியர்களாக வேலைக்குச் சேர்ந்தபோது கையில் இருந்த பதிவேடுகளை நினைத்துப் பார். பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியர், கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி. அன்றைக்கு ஊரின் தேவை அதுதான். இன்று எங்கள் ஊரில் தொட்டில் கட்டிய வீட்டைத் தேடத்தான் வேண்டும். திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவிகள்தான் தெருவுக்குத் தெரு. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட எங்கள் ஊர்களில் இப்போது எவ்வளவு இருக்கும், நீயே சொல். ஆனால் 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், திட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் கையில் இருப்பது அந்தப் பழைய எண்தான். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்கிற அளவும் தலையை மட்டுமே எண்ணுகிறது. யார் படுக்கையில், யார் தனியாக என்பது அதில் வராது.

மேலத் தெருவில் ஒரு வீடு. அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ரத்த அழுத்தம் கட்டுக்குள், மாத்திரை ஒழுங்காக வாங்குகிறார் என்று அழகாக எழுதியிருக்கிறது. உள்ளே போனால் கட்டிலில் அவருடைய கணவர். சென்னையில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்தபிறகு ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு இன்னும் சென்னையில். அதனால் எங்கள் ஊர்ப் பட்டியல் எதிலும் அந்த மனிதர் இல்லை. அவரைப் புரட்டிப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், ஓரம் கறுத்து, என் உள்ளங்கை அளவுக்கு. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி வைத்திருந்தார் அந்த அம்மா. திட்டவே மனசு வரவில்லை. தனியாளாகக் கணவரைப் புரட்டிப் புரட்டி அந்த அம்மாவின் தோள்பட்டையே இறங்கிப்போயிருக்கிறது.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். மருந்து கேட்பார், உதவித்தொகை கேட்பார் என்று நினைத்திருந்தேன். "வாரத்துல ஒருநா, ரெண்டு மணி நேரம் இவர் பக்கத்துல யாராச்சும் உக்காந்திருந்தா போதும் சிஸ்டர். ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போயிட்டு வந்துருவேன்" என்றார்.

கமலா, நான் வைத்திருந்த படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது. நோய்க்குக் கட்டம் இருக்கிறது, மாத்திரைக்கு இருக்கிறது, கழிப்பறை உண்டா இல்லையா என்பதற்கும் இருக்கிறது. ஓரத்தில் கையாலேயே ஒரு கோடு போட்டு, "துணைக்கு ஆள்" என்று எழுதினேன். அன்று மாலைக்குள் மற்ற தெருக்களிலிருந்து வந்த தாள்களிலும் அந்தக் கோட்டின் கீழே ஏகப்பட்ட வீடுகள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தபோது நாம் இருவரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! எத்தனை காலமாக நாம் கேட்டது, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் ஊர்த் தன்னார்வலர்ப் பெண் வெயிலில் நடந்து நடந்து செருப்புத் தேய்கிறாள். அந்தத் திட்டத்திலேயே வீட்டில் வந்து பார்க்கும் வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆனால் யார் வீட்டுக்கு என்று தெரிந்தால்தானே அவர்களும் வருவார்கள்? பட்டியலில் பெயர் இருப்பவரைத்தான் தேடிப் போக முடியும்.

வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதை நம் பயிற்சி மருத்துவர் ஒருமுறை சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் மிகவும் குறைவாகக் கிடைக்கிறது என்று. அன்றைக்குத் தேர்வுக்காகப் படித்தோம். இப்போது ஒவ்வொரு வாசலிலும் அதைப் பார்க்கிறேன். நிலையத்துக்கு வந்தவர்களை எண்ணி ஊரின் தேவை இதுதான் என்று எழுதினால், வர முடியாதவர்கள் ஒவ்வொரு ஆண்டும் விட்டுப்போவார்கள். எனக்கு இரவில் தூக்கம் வராமல் அடிப்பது இதுதான்.

கேட்கும் விதத்திலும் எவ்வளவோ இருக்கிறது. "வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "இல்லை." "கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா? படி ஏறச் சிரமமா? தானாகக் குளித்து உடுத்தச் சிரமமா?" என்று கேட்டுப் பார், கதை கதையாக வரும். இது என் கண்டுபிடிப்பில்லை, வாஷிங்டன் குழு என்று ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் அமைந்த குழுவின் ஆறு கேள்விகள். பார்வை, கேட்பு, நடை, நினைவு, தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், பேச்சைப் புரிந்துகொள்ளுதல். நான் பெண்களுக்கு அதையே நம் பேச்சில் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் வரைபடம். அம்மன் கோயில் முன்னால் கோலப்பொடியில் ஊரை வரையச் சொன்னேன். படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீட்டில் ஒரு புளியங்கொட்டை, தனியாக வாழும் முதியவர் வீட்டில் ஒரு மஞ்சள் துண்டு. எந்தப் பதிவேட்டையும் விட அந்தப் பெண்களுக்குத் தெரிகிறது! ஆனால் காலனிப் பெண்கள் ஓரமாகவே நின்றார்கள், ஒருவர்கூடக் கொட்டை வைக்க முன்வரவில்லை. பேசாமல் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்கே போய் இன்னொரு படம் போடச் சொன்னேன். அங்கே கை தயங்கவில்லை. ஒரே படத்தோடு விட்டிருந்தால் அந்தத் தெருவில் நோயாளியே இல்லை என்று திட்டத்தில் ஏறியிருக்கும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை வைக்க வேண்டும். சிமெண்ட் சாலைக்கும் வாறுகாலுக்கும் கைதூக்க ஆள் உண்டு, துணைக்கு உட்கார ஒரு ஆளுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றால் யார் தூக்குவார்கள்? இன்னொரு கவலையும் இருக்கிறது. பட்டியலைப் பெயரோடு படிக்கச் சொல்கிறார் செயலர். மனநோய்க்கு மருந்து சாப்பிடும் கல்யாணமாகாத பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள். பெயர் வராது, எண்ணிக்கை மட்டும்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். தெருவாரியாகச் சொன்னாலே இந்த ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் முழு ஊருக்கும் சேர்த்து ஒரே எண்.

இனி உனக்கு வேலை. மகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கோழிக்கோட்டில் உட்கார்ந்திருக்கிறாயே, அங்கே மருத்துவக் கல்லூரியில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணச் சேவைதான் பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தார் நடத்தும் வேலையாகப் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வெளியிட்டது. நீ ஒருநாள் அந்தத் தன்னார்வலர்களோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு எழுது. யார் எந்த வீட்டுக்கு என்று முறை வைப்பது யார்? ஆட்டோவுக்கும் பஞ்சுக்கும் பணம் ஊராட்சி தருகிறதா, ஊரார் தருகிறார்களா? துணைக்கு உட்காரும் பெண் கல்யாணமாகிப் போய்விட்டால் அந்த வீடு என்ன ஆகிறது? எங்கள் தலைவர் நல்ல மனுஷர், ஆனால் முதலில் செலவைத்தான் கேட்பார், அதனால் பணக் கணக்கைக் கட்டாயம் எழுது.

மேலத் தெரு வீட்டுக்கு இப்போதைக்கு வியாழக்கிழமை தோறும் நான் போகிறேன். புண் கொஞ்சம் சிவப்புக் கண்டிருக்கிறது, ஆறத் தொடங்கும் நல்ல சிவப்பு.

வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்பினாயோ, நேரே கோழிக்கோட்டுக்கே வந்துவிடுவேன். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சரசு