எங்கள் பொலிகாளைக்கு வைக்கோல் தந்தவர்களுக்கு நன்றி

ஊர் மக்களுக்கும் பக்கத்து ஊர் உறவுகளுக்கும் வணக்கம்.

தலைஞாயிறு பக்கம், இந்த மண்ணின் நாட்டு இனமான உம்பளச்சேரி மாடு வைத்திருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. போன தை மாதம் வந்த பொலிகாளைக்கு (பசுக்களைச் சினைப்படுத்த விடும் காளை), இந்தத் தைக்குள் மாடுகள் கன்று போட்டுவிட்டன. எல்லாம் செவலை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கால்களில் வெள்ளை. பார்க்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள், "தாய் சாம்பல் நிறம், கன்று மட்டும் ஏன் சிவப்பு?" என்று கேட்டார்கள். இந்த இனம் அப்படித்தான். ஆறேழு மாதத்தில் நிறம் மாறிவிடும், அப்போது வந்து பாருங்கள்.

முதலில் காளையைக் கொடுத்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த பழைய காளைக்குப் பிறந்த கிடேரிகளே பருவத்துக்கு வந்துவிட்டன. இனி அதையே விட்டால் தகப்பனையும் மகளையும் சேர்த்ததாக ஆகிவிடும். மந்தை சிறியதாக இருந்தால் இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும். பணம் பேசாமல், உங்கள் காளையை இங்கே ஓட்டிவிட்டு எங்கள் காளையை அங்கே ஓட்டிப் போனீர்கள். காளைக்கு விலை சொன்ன வியாபாரியைத் திருப்பி அனுப்பியதும் எங்களுக்குத் தெரியும்.

பசுவை வைத்திருப்பவருக்கு ஒன்றிரண்டு லிட்டர் பாலாவது மிச்சம். காளைக்கு அதுவும் கிடையாது. சேற்று வயலில் உழவும் வண்டி இழுக்கவும் பேர்போன மாடு இது. உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். டிராக்டர் வந்த பிறகு அந்த வேலை போச்சு. ஆண் கன்று என்றால் அடிமாட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். வளர்க்கிறவன் கணக்கில் அது தப்பும் இல்லை. அதனால்தான் மேலத்தெருவும் கீழத்தெருவும் முறை வைத்துத் தவிடும் புண்ணாக்கும் கொடுத்ததைப் பெரிதாகச் சொல்கிறோம். முறை தவறிய நாட்களில் தன் வீட்டுக் கழுநீரைக் கொண்டுவந்து ஊற்றிய பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம் வைக்கோல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல் விளையும் டெல்டாவில் மாட்டுக்கு வைக்கோல் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நிலைமை அதுதான். இப்போதைய நெல் ரகங்கள் குட்டை. அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய தாள் நசுங்கிச் சேறு ஒட்டிக் கிடக்கிறது. அதையும் உருளையாகக் கட்டி வெளியூர் லாரிகளில் ஏற்றிவிடுகிறார்கள். எங்களைக் காப்பாற்றியது மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்ற பழைய நெல் ரகங்களைப் போட்ட நாலைந்து வீடுகள். காட்டுயானம் ஆள் உயரத்தையும் தாண்டும். நெல்லுக்கு ஈடாக வைக்கோலும் தரும். ஆனால் சாய்ந்துவிட்டால் கையால்தான் அறுக்க வேண்டும். கூலி கட்டுப்படியாகாது என்று தெரிந்தும் போட்டீர்கள். அறுப்புக்கு வந்த பெண்கள், அறுத்த கதிரை அரி அரியாகப் போடும்போதே தாளை மிதிபடாமல் ஓரமாக எடுத்து வைத்தீர்கள்.

அந்த விதையும் கைமாறி வந்ததுதான். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ரெண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நெல் ஜெயராமன் வைத்த ஏற்பாடு. நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். பழைய நெல்லை மீட்கிறவர்கள் வேறு, மாடு வளர்க்கிறவர்கள் வேறு என்று முன்பு நினைத்திருந்தோம். அந்த நெல் இல்லையென்றால் இந்த மாட்டுக்குத் தீனி இல்லை, இந்த மாட்டுச் சாணம் இல்லையென்றால் அந்த வயலுக்கு எருவும் இல்லை.

கால்நடை மருத்துவருக்கும் நன்றி. சினை ஊசி என்றாலே ஜெர்சிதான் என்றிருந்த ஊரில், காளைக்கு ஓட்டிவர முடியாத மாடுகளுக்கு உம்பளச்சேரிக் காளையின் விந்தை உறைய வைத்த குச்சியே வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கிற சரக்கு அது. குடுவையைத் திறந்து காட்டியபோது புகையைப் பார்த்து சின்னப் பிள்ளைகள் ஓடியது இன்னமும் சிரிப்பு. எந்த மாடு எந்தக் காளைக்குக் கன்று போட்டது என்று நோட்டில் எழுதப் பழக்கியதும் அவர்தான். காங்கேயம், பர்கூர், புலிக்குளம் இனங்களோடு உம்பளச்சேரியும், ஹரியானாவின் கர்னாலில் நாட்டுக் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதாம். நல்லது. பதிவேட்டில் இருக்கிற மாட்டுக்கு வைக்கோல் வேண்டாம், எங்கள் தொழுவத்தில் இருக்கிறதுக்கு வேண்டும்.

கடைசியாக, வாய்க்கால் கரை உளுந்துக்காரருக்கு. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒரு ராத்திரியில் காளை தின்று தீர்த்தது கொஞ்ச நஞ்சமில்லை. நஷ்ட ஈடு பேச வந்தவர், காளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, என் கிடேரியை எப்போ ஓட்டி வரட்டும்?" என்று கேட்டார். அந்தக் கிடேரியும் இப்போது சினை.

காளை இன்னும் ஒரு வருடம் இங்கேதான் நிற்கும். சினைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் காசு எதுவும் தர வேண்டாம். முடிந்தால் ஒரு கட்டு வைக்கோல் கொண்டு வாருங்கள், கையால் அறுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மாட்டுக்காரர்கள்