கரைவதும் ஒளிப்பதும்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கொஞ்ச காலம் படிக்காதே, எழுதாதே என்று டாக்டர் கட்டளை. உறையைப் பிரித்து மேசைமேல் வைத்து, உன் கோணல் கையெழுத்தை மட்டும் ரசித்துக்கொண்டிருந்தேன். இப்போது வலது கண் பளிச்சென்று இருக்கிறது. இடது கண் அடுத்த தவணை. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வீடு மாறியதைப் பற்றி நாலு வரி, அங்கே வரும் கறுப்புப் பறவைகளைப் பற்றி மூன்று பக்கம்! ரிட்டயர் ஆனபின் உனக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று எதிர்பார்த்ததுதான். சீட்டாட்டமாக இல்லாமல் பறவையாகப் போனதில் எனக்குச் சந்தோஷம்.

முதலில், அது காக்கையா, இல்லை இங்கிலீஷில் ரேவன் என்கிற அதன் பெரிய சொந்தக்காரனா என்ற கேள்வி. உட்கார்ந்திருக்கும்போது பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பறக்கும்போது வாலைப் பார். காக்கையின் வால் நுனி ஒரே சீராக, லேசான வளைவோடு விரியும். ரேவனுக்கு நடு இறகுகள் நீண்டிருப்பதால் வால் ஆப்பு வடிவில் தெரியும். தொண்டையில் சிலும்பிய இறகுகள் தாடி மாதிரி தொங்கும். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் போகும்; நன்கு வளர்ந்தது ஒரு கிலோவைத் தாண்டும். குரலும் 'கா கா' இல்லை, அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு. காற்றில் சறுக்கிக்கொண்டே தலைகீழாகப் புரண்டு நிமிர்ந்ததாக எழுதியிருக்கிறாயே, அப்புறம் என்ன சந்தேகம்? உன் மலைச்சரிவில் இருப்பது ரேவன்தான்.

தமிழில் எழுதுகிறவர்கள் ரேவன் வரும் இடத்திலெல்லாம் அண்டங்காக்கை என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. அண்டங்காக்கை என்று நாம் சொல்வது உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து இருக்கும் வேறொரு காக்கை. அதன் பெயரைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பானேன்? ரேவன் ரேவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கிலீஷ்காரர்கள் மட்டும் இதில் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ரேவன் ஒரு வம்சம், காக்கை இன்னொரு வம்சம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு. எல்லாமே கார்வஸ் என்ற ஒரே பேரினம். பெரிதாக இருந்தால் ரேவன், சிறிதாக இருந்தால் காக்கை, அவ்வளவுதான்; அந்தக் கணக்கும் சரியாக வராது. ஆஸ்திரேலியாவின் சொந்தக் காக்கைகள் ஐந்தில் மூன்றுக்கு ரேவன் என்று பெயர், இரண்டுக்குக் காக்கை என்று பெயர். கழுத்து இறகை விலக்கி அடிப்பாகம் சாம்பலா வெள்ளையா என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த ரேவன்களுக்கும் உன் ரேவனுக்கும் நெருங்கிய உறவுகூடக் கிடையாது. அந்த மூன்றில் சிறிய ரேவன் என்று ஒன்று. அது தனி இனம் என்று ஒப்புக்கொண்டதே 1967இல்தான். அதுவரை பக்கத்து இனத்தோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உன் ரேவனுக்கு கார்வஸ் கோராக்ஸ் என்று 1758இல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ். கார்வஸ் என்றால் லத்தீனில் ரேவன், கோராக்ஸ் என்றால் கிரேக்கத்தில் ரேவன். ரேவன் ரேவன் என்று இரண்டு தடவை கூப்பிட்ட மாதிரி. சாம்பல் கழுத்துள்ள சாதாரண வீட்டுக்காக்கைக்கு 1817இல் கிடைத்தது கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ், 'பளபளக்கும் காக்கை'. வெயிலில் அதன் முதுகைப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பெயரின் நியாயம் புரியும்.

இதில் வேடிக்கை, பெயர்கள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் காக்கை ஒன்று நத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் போய்ப் பாறைமேல் போட்டு உடைக்கும். பெரிய நத்தையாகப் பொறுக்கி எடுக்கும், உடையும்வரை விடாமல் போடும். 1970களில் வந்த இந்த ஆய்வு அந்தப் பறவையைப் பாடப்புத்தகத்திலேயே ஏற்றிவிட்டது. 2020இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம், இது தனி இனமே இல்லை, அமெரிக்கக் காக்கைதான் என்று முடிவு செய்து பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டது. பறவை இன்னும் நத்தை உடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ரேவன்களிலும் இப்படி ஒன்று. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தனித்தனியாகப் பிரிந்திருந்த இரண்டு ரேவன் கிளைகள் மறுபடி சந்தித்து, கலந்து, ஒன்றாகிவிட்டதை மரபணுவில் கண்டு 2018இல் வெளியிட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எதைத் தின்னும் என்று கேட்டிருக்கிறாய். எதைத் தின்னாது என்று கேட்டிருந்தால் சீக்கிரம் முடித்திருப்பேன். வண்டு, புழு, எலி, தவளை, தானியம், பழம், மற்ற பறவைகளின் முட்டை, குஞ்சு, குப்பைமேடு, செத்த பிராணி, அதில் நெளியும் புழு, எல்லாம் சேர்த்தி. ஆனால் இவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டும் ரேவனால் பெரிய மானின் தோலைக் கிழிக்க முடியாது. கண்ணை, நாக்கைக் கொத்தலாம். உள்ளே இருக்கும் இறைச்சி வேண்டுமென்றால் வேறு யாராவது திறந்து கொடுக்கவேண்டும். அதனால்தான் குளிர்காலத்தில் ஓநாய்க் கூட்டத்தின் பின்னாலேயே போகும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபின் இதை நன்றாகவே பார்த்தார்கள்: ஓநாய் வேட்டையாடி முடிப்பதற்குள் ரேவன்கள் ஆஜர். அதே நாட்டின் ஐல் ராயல் என்ற ஏரித் தீவில் ஓநாய்களை ஆராய்ந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு ஓநாய் மட்டும் தின்றால் கணிசமான பங்கு ரேவன்களுக்குப் போய்விடும். கூட்டமாகத் தின்றால் இழப்பு குறையும். ஓநாய்கள் கூட்டமாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். ஒரு பறவைக்குப் பயந்து ஓநாய் குடும்பம் பெருக்குகிறது என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு துணிச்சல்காரன், செத்துக் கிடக்கும் மானைப் பார்த்துப் பயப்படுவான் என்றால் நம்புவாயா? ரேவன் நேராகப் போய் உட்காராது. பக்கவாட்டில் நடந்து வரும், கழுத்தை நீட்டி ஒரு கொத்து, உடனே சிறகடித்துப் பின்னால் ஒரு துள்ளல். மறுபடி வரும், மறுபடி துள்ளும். அது அசையாது என்று உறுதியாகிற வரைக்கும் இதே ஆட்டம். முன்பின் பார்க்காத எந்தப் பொருளிடமும் அப்படித்தான்.

இனி உன்னுடைய பெரிய கேள்வி. தின்பதற்கு முன்னால் கத்திக் கூட்டம் சேர்க்கிறதே, அது பாசமா என்கிறாய். கரைந்து கூப்பிட்டுப் பகிர்ந்து உண்பது காக்கை என்றுதானே நமக்குச் சின்ன வயதிலிருந்து பாடம். பெர்ன்ட் ஹைன்ரிச் என்ற உயிரியலாளர் இதே கேள்வியோடு 1980களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டுக்குள் பனியில் இறைச்சியை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தார். அவர் கண்டது இது. ஜோடி சேர்ந்து எல்லை பிடித்துக்கொண்ட பெரிய ரேவன்கள் கத்துவதில்லை, சத்தமில்லாமல் தின்கின்றன. கத்துவது சொந்த இடம் இல்லாத இளவட்டங்கள். தனியாகத் தின்ன வந்தால் எல்லைக்காரர்கள் விரட்டிவிடுவார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் யாரை என்று விரட்டுவது? கூப்பிட்டால் பங்கு குறையும், கூப்பிடாவிட்டால் பங்கே கிடையாது. தாராள மனசு என்று நாம் புகழ்ந்தது அந்தப் பறவைக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு. இதனால் எனக்கு அதன்மேல் மதிப்புக் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சரி, எல்லாவற்றையும் கூப்பிட்டுத் தின்கிறதா? அடுத்த நிமிடமே ஒளிக்கிறது. நேற்று எங்கள் வீட்டுச் சுவரில் சாதாரணக் காக்கை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த ரொட்டித் துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து, காலால் அழுத்திப் பிய்த்துக் கொஞ்சம் தின்றது. மிச்சத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டது. நாக்குக்கு அடியில் இடம் இருக்கிறது, தொண்டை புடைத்துத் தெரியும். பூந்தொட்டி மண்ணில் அலகால் குத்தி அதை உள்ளே செருகி, மேலே ஒரு சருகை எடுத்து மூடியது. கிளம்பப் போன சமயம் கூரைமேல் இன்னொரு காக்கை வந்து உட்கார்ந்தது. இது சருகை விலக்கி, ரொட்டியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேறு பக்கம் பறந்துவிட்டது. வந்தவன் தொட்டியைக் கிளறிப் பார்த்து ஏமாந்தான்.

ரேவன் இதில் பலே கில்லாடி. வியன்னா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புக்னியாரும் கூட்டாளிகளும் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. இரையை ஒளிக்கும் ரேவனுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வேறு ரேவனே இல்லை, ரேவன் சத்தத்தின் ஒலிப்பதிவு மட்டும். தடுப்பில் எட்டிப் பார்க்கும் துவாரம் திறந்திருந்தால், யாரோ பார்க்கிற மாதிரி அவசர அவசரமாக ஒளித்தது. மூடியிருந்தால் நிதானமாக வேலை பார்த்தது. 'நான் இந்தத் துவாரம் வழியாகப் பார்த்தேன், அவனும் பார்க்கலாம்' என்கிற கணக்கு. அக்கம்பக்கமெல்லாம் திருடர்களாக இருக்கும் ஊரில்தான் இந்தப் புத்தி வளரும் என்பது என் கட்சி. பெரிய இரை என்றால் கூச்சல், சின்ன இரை என்றால் கமுக்கம். இரண்டும் ஒரே தலைக்குள் ஓடும் கணக்குதான்.

ஆனாலும் காக்கையின் புத்தியைப் பற்றிக் கேள்விப்படுவதை எல்லாம் நம்பிவிடாதே. ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காக்கைகள் கார் சக்கரத்தடியில் வாதுமைக் கொட்டையை வைத்து உடைக்கும் என்பது உண்மை, ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கலிபோர்னியாக் காக்கைகளும் அப்படியே செய்வதாகப் பேச்சு இருந்தது. 1997இல் வெளிவந்த ஆய்வில், கார் வந்தாலும் வராவிட்டாலும் அவை ஒரே மாதிரிதான் ரோட்டில் கொட்டையைப் போடுகின்றன என்று தெரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

உன் பேத்தி பெயர் வைக்கத் துடிக்கிறாள் என்றாயே. வைக்கட்டும். ஆனால் சிறகில் இறகு ஒன்று குறைகிறது என்பதை வைத்து 'ஓட்டைச் சிறகன்' என்று வைத்தது நிலைக்காது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தால் அடையாளம் போச்சு. அலகில் கீறல், விரலில் ஊனம் மாதிரி மாறாத ஒன்றைத் தேடச் சொல். ஆணா பெண்ணா என்று பார்வையில் சொல்வது கஷ்டம், அதனால் 'ராஜா', 'ராணி' வேண்டாம். வாயைத் திறக்கும்போது உள்ளே பார்த்தால் வயது ஓரளவு தெரியும்: இளசுக்கு ரோஜா நிறம், முதிர்ந்ததற்குக் கறுப்பு.

அவள் அவற்றைக் கண்டுபிடிக்கத் திணறும் நேரத்தில் அவை அவளைக் கண்டுகொண்டிருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவை ஆய்வாளர் 2006இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, கால்வளையம் மாட்டி விட்டுவிட்டார். அதற்குப் பிறகு யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காக்கைகள் கூடித் திட்டின. பல வருஷம் கழித்தும் திட்டின. பிடிபடாதவையும், அப்போது பிறந்தே இராதவையும் அதில் சேர்ந்துகொண்டன. ஆகவே பேத்தியிடம் சொல், கல் எறிகிற பழக்கம் மட்டும் வேண்டாம். ரேவன்கள் குளிர்காலம் முடிவதற்கு முன்பே கூடு கட்டத் தொடங்கிவிடும். குச்சி சுமந்து ஒரே திசையில் போவதைப் பார்த்தால் அந்தப் பாறைப் பக்கம் போகாதீர்கள். முட்டையை விட்டு எழுந்துவிட்டால் குளிரில் கெட்டுப்போகும்.

ஒரு வேலை உனக்கு. ஒரு நாள் ஒரே பெரிய எலும்பாக வை, இன்னொரு நாள் தோலோடு நிலக்கடலையாகத் தூவு. இரண்டு நாளும் எது கத்துகிறது, எது கத்தாமல் தூக்கிக்கொண்டு போகிறது என்று எழுது. அடிக்கடி வைக்காதே, அக்கம்பக்கத்தார் உன்னைத் திட்டுவார்கள். பைனாகுலர் வாங்குவதானால் எட்டுக்கு நாற்பத்திரண்டு அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். அதற்கு மேல் போனால் நம் வயதுக் கை நடுக்கத்தில் காக்கைக்கு இரண்டு தலை தெரியும்.

அன்புடன்,
மூர்த்தி