முதல் வீட்டைக் காட்டும் முன் ஒரு தாள்: வீடு, மனைத் தரகர்களுக்குத் திறந்த மடல்

வீடு, மனைத் தரகுத் தொழிலில் இருப்போருக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்பதும், வீட்டுக் கடனுக்கு மதிப்புப் போடுவதும், பாதியில் முறிந்த பேரங்களில் என்ன கோளாறு என்று தேடுவதும் எங்கள் வேலை. உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். முதல் வீட்டைக் காட்டும் முன்பே ஒரே ஒரு தாள் எழுதிக் கையெழுத்திட்டு வாடிக்கையாளரிடம் கொடுங்கள். நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள், யாரிடம் எவ்வளவு கமிஷன் வாங்குகிறீர்கள், அந்தச் சொத்தில் எதையெல்லாம் சரிபார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்பது அதில் இருக்கட்டும்.

எந்த வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்ற செய்தியே ஒரு காலத்தில் தரகரின் முதலாக இருந்தது. இன்று அது எல்லார் கைப்பேசியிலும் கிடக்கிறது. அதனால் தரகரே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. விளம்பரத்தில் கிடைப்பது கேட்கும் விலை மட்டுமே. உண்மையில் கைமாறிய விலை அதில் இருக்காது. மாடியில் குடியிருப்பவர் காலி செய்யச் சம்மதித்தாரா, மூத்த மகள் கையெழுத்துப் போடுவாரா, பின்பக்கச் சுவர் பக்கத்து நிலத்துக்குள் எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்பதெல்லாம் எந்தத் திரையிலும் வராது. கணினியே விலை போட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் கணினிக் கணிப்பைக் கொண்டு நேரடியாக வீடுகளை வாங்கி விற்றுவந்தது. வரப்போகும் விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி, அந்தப் பிரிவை மூடுவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. வீட்டுக்குள் போய்ப் பார்த்து, தெருவில் விசாரித்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் ஆளுக்கு இன்னும் தேவை இருக்கிறது. அந்த ஆள் எதற்குப் பொறுப்பு என்பதுதான் எழுத்தில் இல்லாமலே கிடக்கிறது.

விலையிலிருந்து தொடங்குகிறோம், சந்தை மாறும்போது முதலில் பிசகுவது அதுதான். வட்டி ஏறினால் வாங்குபவரின் கை எவ்வளவு சுருங்கும் என்பதை ஒவ்வொரு தரகரும் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். 20 ஆண்டுக் கடனில் ஒவ்வொரு லட்சத்துக்கும் 6 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை சுமார் 716. 8 விழுக்காட்டில் சுமார் 836. அதே தவணையைத்தான் கட்ட முடியும் என்றால், வாங்கக்கூடிய கடன் ஏறக்குறைய 14 விழுக்காடு குறைந்துவிடும். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த தன் வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை கொண்டுபோனது. அப்படி ஏறும் காலத்தில், ஆறு மாதம் முன்பு பக்கத்து வீடு போன விலையை விற்பவரிடம் அப்படியே சொல்வது அவரை ஏமாற்றுவதாகவே முடியும்.

இன்னொரு கணக்கும் எளிதுதான். உங்கள் வட்டாரத்தில் விற்காமல் நிற்கும் வீடுகளின் எண்ணிக்கையை, மாதம் ஒன்றுக்கு விற்கும் வீடுகளால் வகுத்துப் பாருங்கள். 120 நின்று, மாதம் 20 விற்றால் 6 மாத இருப்பு. விற்பனை 10ஆகக் குறைந்தால் அது 12 மாதம். இருப்பு ஆறு மாதத்தை ஒட்டி இருந்தால் சந்தை சமநிலையில் இருப்பதாகப் பொதுவாகக் கொள்வார்கள். 12 மாத இருப்பு உள்ள இடத்தில் "கொஞ்சம் ஏற்றியே சொல்லுவோம், பேரத்தில் குறைக்கலாம்" என்று ஆலோசனை சொன்னால் என்ன ஆகும்? சந்தை விலை 100 என்று வையுங்கள். வீட்டை 105க்குப் போடுகிறார். சந்தை மாதம் 1 இறங்குகிறது. இவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2 குறைக்கிறார். மூன்றாம் மாத முடிவில் சந்தை 97, இவர் 103. ஆறாம் மாதத்தில் சந்தை 94, இவர் 101. குறைத்துக்கொண்டே வந்தும் இடைவெளி 5லிருந்து 7ஆகிவிட்டது. இதற்குள் "நெடுநாளாக நிற்கிற வீடு, என்னவோ குறை இருக்கு" என்ற பேச்சும் கிளம்பிவிடும். விளம்பரம் வந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் அக்கறையுள்ள ஆட்கள் வருகிறார்கள். அந்த நாட்களைத் தவறான விலையில் வீணாக்கிவிட்டால் பிறகு மீட்பது கடினம்.

விற்பவரைக் கைக்குள் போட்டுக்கொள்வதற்காகவே அதிக விலை சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. வெளியே அவ்வளவாகத் தெரியாத இன்னொரு வழக்கம் இதற்கு நேர் எதிரானது: சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று குறைந்த விலைக்கு இணங்கவைப்பது. கமிஷன் 2 விழுக்காடு என்றால், வீடு 97க்குப் பதில் 100க்குப் போனால் உரிமையாளருக்குக் கூடுதலாக 2.94 கிடைக்கும், தரகருக்கு 0.06. அந்த 0.06க்காக இன்னும் பத்து நாள் அலைய யாருக்கு மனம் வரும்? சிகாகோவை ஒட்டிய புறநகர்களில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதை அளந்தே காட்டியது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர்களின் அதே மாதிரி வீடுகளைவிட சுமார் 3.7 விழுக்காடு அதிக விலைக்கு விற்றார்கள், சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பது இதற்குப் பொருளாகாது. கூலி அமைந்திருக்கும் விதமே அவசரப்படுத்துகிறது. ஆகவே, விலை ஆலோசனை சொல்லும்போது குறைந்தது மூன்று உண்மையான விற்பனைகளை, தேதியோடும் பரப்போடும் பழுது நிலையோடும் எழுதிக் கொடுங்கள். விற்பவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார்.

கமிஷனை மறைக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வாங்குபவரின் தரகருக்கான கூலியையும் விற்பவரே கட்டும் பழைய வழக்கம் நீதிமன்றம் போனது. 2023 அக்டோபரில் மிசூரி மாநில வழக்கொன்றில் நடுவர் குழு சுமார் 1.8 பில்லியன் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. அந்நாட்டுத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 2024 மார்ச்சில் 418 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட் 17 முதல் அங்கே, தரகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விற்பனை வீட்டுப் பட்டியலைப் பயன்படுத்தும் தரகர் வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே வீட்டைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர் இன்னும் கறாராக இருக்கிறது. 2010இல் அமைந்த முகவர் ஒழுங்குமுறை மன்றத்தின் விதிகளின்படி, ஒரே பேரத்தில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்யக் கூடாது. விற்பனைப் பணத்தைக் கையால் தொடவும் கூடாது. பிரிட்டனில் 1979ஆம் ஆண்டின் சட்டப்படி, சொத்தில் தனக்குச் சொந்த ஆதாயம் இருந்தால் முகவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதில் விற்பனைக்குத் துணைபோகக் கூடாது என்றது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், முகவர் தன் நிலையை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதை நோக்கியே எல்லாம் நகர்கின்றன.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் வழக்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களில்கூட, அதை இரு தரப்பும் அறிந்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பவர் எவ்வளவு வரை இறங்குவார், வாங்குபவர் எவ்வளவு வரை ஏறுவார் என்ற இரண்டு ரகசியமும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, அவர் இருவருக்கும் உண்மையாக நடப்பது மிகக் கடினம். "நான் நடுவில் இருந்து முடித்துவைக்கிறேன், யாருக்காகவும் விலை பேச மாட்டேன்" என்றாவது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் மேசைக்கு வரும் பெரும்பாலான சிக்கல்கள் விலையால் வந்தவை அல்ல. முன்பணம் கைமாறிய நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையில்தான் பேரங்கள் செத்துப்போகின்றன. அதிகார ஆவணத்தை வைத்து ஒருவர் விற்க வருவார். அதைக் கொடுத்தவர் இறந்திருப்பார். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரம் பொதுவாக அற்றுப்போகும். ஆகவே எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்று நேரில் கேட்காமல் முன்பணம் வாங்கவைக்காதீர்கள். தந்தை இறந்த சொத்தில் நான்கு வாரிசுகளில் மூவர் கையெழுத்துப் போடத் தயார் என்றால், நான்காவது பங்கு விற்பனைக்கு வரவில்லை என்றுதான் பொருள். பங்குதாரர்களில் ஒருவர் வயதுக்கு வராத பிள்ளையாக இருந்தால் பல இடங்களில் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகும். பழைய கடன் அடைந்திருக்கும், ஆனால் அடமானத்தை விடுவித்த ஆவணம் பதிவாகியிருக்காது. வில்லங்கச் சான்றில் கடன் இன்னும் உயிரோடு நிற்கும். தாய்ப்பத்திரத்தில் இருக்கும் நான்கெல்லைக்கும் நிலத்தில் நிற்கும் வேலிக்கும் ஒத்துவராது. அனுமதி இரண்டு தளத்துக்கு, கட்டியது மூன்று. இவற்றில் எதையும் சரிசெய்து கொடுக்க வேண்டியது தரகரின் வேலை இல்லை. வழக்கறிஞரும் அளவையாளரும் இருக்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியது தரகரின் வேலை. விற்பவரிடம் முதல் நாளே இந்தக் கேள்விகளைக் கேட்டால் அரை மணி நேரம் போகும். கேட்காமல் விட்டால் வாங்குபவரின் முன்பணம் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கிவிடலாம்.

கடனை நம்பி வாங்குபவருக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பேசிய விலை 100, வங்கி 80 விழுக்காடு தரும் என்பதால் கையில் 20 வைத்திருக்கிறார். வங்கியின் மதிப்பீடு 90 என்று வந்தால் கடன் 72தான். இப்போது கையிலிருந்து 28 வேண்டும். விலை இறங்கும் சந்தையில் இது அடிக்கடி நடக்கிறது. கடன் இவ்வளவுக்குக் குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லை என்றால், வாங்குபவர் கடன் வாங்கியாவது மிச்சத்தைக் கட்ட வேண்டும், இல்லை முன்பணத்தை இழக்க வேண்டும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லும் தரகர் தன் கமிஷனுக்கு மேலேயே சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறார் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டில் வெளிச்சுவரும் படிக்கட்டும் மின்தூக்கிக் கூடமும் சேர்ந்த பரப்பு ஒன்று, காலூன்றி நடக்கும் பரப்பு இன்னொன்று. இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாமல் சதுர அடி விலை பேசுவது பெரும் குழப்பத்துக்கு வழி. நாடா கொண்டு நீங்களே உள்ளளவு எடுங்கள். படங்களில் சுவர் விரிசலைக் கணினியால் அழித்து, இல்லாத நாற்காலி மேசைகளைச் சேர்த்துப் போடுவது இப்போது பெருகிவருகிறது. அறைகலன்களைச் சேர்த்தால் படத்தின் மேலேயே அதைக் குறிப்பிடுங்கள். விரிசலை, ஈரக் கசிவை, எதிரே இருக்கும் மின்கம்பத்தை அழிக்கவே அழிக்காதீர்கள்.

பணம் அனுப்பும் கட்டத்தில் கடைசி நேரத்தில் "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் திருட்டு. அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், முன்பே தெரிந்த எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்யும்படி இரு தரப்புக்கும் முதல் நாளே சொல்லிவையுங்கள். முன்பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறோம். வாடிக்கையாளரை நீங்கள் அறிமுகப்படுத்திய தேதி, சொத்தின் அடையாளம், யாருக்காக வேலை செய்கிறீர்கள், கமிஷன் எத்தனை விழுக்காடு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, விற்பவரோ கட்டுநரோ உங்களுக்குத் தனியாக ஏதும் தருகிறார்களா, உங்களுக்கு அவர்களோடு உறவோ பங்கோ உண்டா என்பது முதல் பாதியில். இரண்டாம் பாதியில் பத்திரம், வில்லங்கம், வாரிசு, கடன், அளவு, கட்டட அனுமதி, குடியிருப்போர், நிலுவை வரி என்று எட்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆவணத்தைப் பார்த்தேன்", "விற்பவர் சொன்னார்", "பார்க்கவில்லை" என்ற மூன்றில் ஒன்று. "பார்க்கவில்லை" என்று எழுதுவதில் இழிவு ஒன்றுமில்லை. எதை வழக்கறிஞரிடம் கொண்டுபோக வேண்டும் என்று வாங்குபவருக்கு அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இதனால் வாடிக்கையாளர் உங்களைத் தாண்டி நேரே போய்விடுவார் என்று அஞ்சுகிறீர்கள் என்றால், நடப்பது வேறு. வீட்டைக் காட்டியது நானா, அவரா என்ற தகராறில் கமிஷனை இழப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இல்லாதவர்கள்தான். அறிமுகத் தேதியும், அதிலிருந்து இத்தனை மாதத்துக்குள் இதே சொத்தை வாங்கினால் கமிஷன் உண்டு என்ற வரியும் இருதரப்புக் கையெழுத்தோடு இருந்தால், உங்கள் உழைப்புக்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கும்.

சங்கங்கள் ஒரு மாதிரித் தாளை அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கட்டும்; நிரப்பிய தாள்களின் நகலைப் பதிவு முடிந்த பிறகும் சில ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லட்டும்; தாள் தராத உறுப்பினர்மேல் வரும் புகாரை விசாரிக்க ஒரு குழு அமைக்கட்டும். தாளின் வாசகத்தை வட்டாரச் சட்டத்துக்குப் பொருத்திப் பார்க்க வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள். அளவும் மதிப்பீடும் பற்றிய வரிகளைச் சரிபார்க்க நாங்கள் கட்டணமின்றி உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சொத்து ஆவணச் சரிபார்ப்பிலும் மதிப்பீட்டிலும் பணிபுரிவோர்