பத்து லட்ச ரூபாய் ஹெட்போனும் மகபூப்பாளையமும்

ஆரப்பாளையம், மதுரை

அன்புள்ள காதர்,

உன் கடிதம் கிடைத்தது. ஊருக்கு ஒரேயடியாகத் திரும்புவதற்கு முன்னால் துபாயிலேயே ஸ்டாக்ஸ் கம்பெனியின் எஸ்ஆர்-எக்ஸ்9000 ஹெட்போன் ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கடையில் மாட்டிப் பார்த்ததிலிருந்து வேறு எதைக் கேட்டாலும் சப்பென்று இருக்கிறதாமே. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். அந்த எலெக்ட்ரோஸ்டாடிக் வகை ஹெட்போன் தாராளமாக வாங்கு. அந்த விலைக்கு மட்டும் வேண்டாம்.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதே, கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். கே.கே. நகரில் என் சம்பந்தி வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருக்கிறார். ஜப்பானில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரிடம் ஸ்டாக்ஸில் இரண்டு இருக்கின்றன: ஆயிரம் டாலருக்குள் விற்ற எல்500, அப்புறம் 2011-இல் வந்தபோது நாலாயிரம் டாலருக்கு மேல் சொன்ன எஸ்ஆர்-009. இரண்டுக்கும் அதே ஐந்து பின் பிளக்தான், அதே ஆம்ப்ளிஃபையர்தான் (ஆம்ப்). ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால் போதும், நடுவில் வேறெதுவும் மாறுவதில்லை. இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கடையிலும் விடமாட்டார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் எதிர்வீட்டில்தான் கிடக்கிறேன்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாய். நம் சாதாரண ஹெட்போனில் ஒரு கூம்பு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச் சுருள், பக்கத்தில் காந்தம். சிக்னல் வந்தால் சுருள் ஆடும், கூடவே கூம்பையும் ஆட்டும். சுருளுக்கு எடை உண்டு. ஓரிடத்தில் பிடித்துத் தள்ளுவதால் கூம்பின் மற்ற பாகம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் நெளியும். எலெக்ட்ரோஸ்டாடிக்கில் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. பாலாடையைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு மட்டும். கனம் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் வரும், பார்த்துக்கொள். ஸ்டாக்ஸில் அந்தச் சவ்வுக்கு 580 வோல்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் துளையிட்ட இரண்டு தகடுகள். பாட்டு அந்தத் தகடுகளுக்கு எதிரெதிராகப் போகும். ஒன்று இழுக்கும்போது இன்னொன்று தள்ளும். சவ்வு மொத்தமும் ஒரே நேரத்தில் நகரும். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் கிளம்புவதும் நிற்பதும் சட்டென்று நடக்கும். 580 வோல்ட்டைக் காதில் வைப்பதா என்று தங்கச்சி கேட்கும். வோல்ட்தான் பெரிசு, அதில் ஓடக்கூடிய கரண்ட் அற்பம், பயப்பட வேண்டாம் என்று சொல்.

இது புது வித்தையும் இல்லை மாப்ள. ஸ்டாக்ஸ் 1960-லேயே எஸ்ஆர்-1 என்று முதல் செட்டை விற்றுவிட்டது. எல்500 எந்த வம்சமோ அந்த லாம்டா, 1979-இல் வந்தது. இன்றைக்குப் பத்து லட்சம் சொல்கிறவனும் அதே சவ்வு, அதே இரண்டு தகடு என்றுதான் நிற்கிறான். என் வாதமே இதுதான். இந்த வகையின் உண்மையான ருசி அந்தத் தத்துவத்தில் இருக்கிறது, அது கீழ்ப்படியிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

எனக்கு அளவுகோல் கடம். மானாமதுரையில் திண்ணையில் உட்கார்ந்து கடத்தைத் தட்டித் தட்டிச் சுருதி பார்த்தவரிடம் நாம் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோமே, அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. பானையின் வாயை வயிற்றோடு அணைக்கும்போது எழும் 'கும்' ஒன்று, உள்ளங்கை அடி ஒன்று, நகம் படும் 'டக்' ஒன்று. என் பழைய ஹெட்போனில் கடம் வேகமெடுத்தால் மூன்றும் குழம்பி ஒரே கலகலப்பாகிவிடும். எல்500-ஐ மாட்டியதும் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. நகம் பட்டதும் தெரிந்தது, பட்டு விலகியதும் தெரிந்தது. அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன் என்பது நிஜம்.

அப்புறம் 009. கடம் அதேதான். தம்புராவில் வித்தியாசம் உண்டு. ரீங்காரம் சுருண்டு அடங்குவதை இன்னும் கொஞ்ச தூரம் பின்தொடர முடிகிறது. எல்500-இல் வயலின் ஓங்கினால் சில சமயம் பல் கூசும், 009-இல் அது இல்லை. பாடுகிறவரின் குரலில், என்னைக் கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியவர் மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, என்னைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி மாட்டிவிட்டார். நான் டக் டக்கென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "காது சொல்றதுக்கு முந்தியே உங்க கழுத்து சொல்லிடுதே" என்றார். 009 உலோகம், கனம்; எல்500 பிளாஸ்டிக், லேசு. கண்ணை மூடி என்ன செய்ய? சத்தத்தைச் சமமாக்குவது மட்டும் ரொம்ப முக்கியம், அதை நீ மறக்காதே. ஒரு பொடி அளவு கூடுதல் சத்தம் இருந்தாலே மனுஷனுக்கு அது உயர்ந்த சரக்காகத் தெரியும். கடையில் நீ கேட்டபோது யாராவது மீட்டர் வைத்தார்களா?

விலைக்கு வருகிறேன். எக்ஸ்9000 ஹெட்போன் மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் டாலர். போனிலோ சாதாரண ஆம்பிலோ செருக முடியாது, தகடுகளுக்கு நூற்றுக்கணக்கில் வோல்ட் வேண்டும். அதற்கென்று அவர்களே விற்கும் டி8000 ஆம்ப் கிட்டத்தட்ட அதே விலை. ஆக நம் காசில் பத்து லட்சம், கஸ்டம்ஸ் தனி. இதுவே உச்சி என்று நினைத்துவிடாதே. ஹைஃபைமேன் ஷாங்ரி-லா 50,000 டாலர் என்று வந்தது. சென்ஹைசர் 2015-இல் அறிவித்த ஹெச்இ-1 சுமார் 50,000 யூரோ, நமக்கு அரைக் கோடி. இத்தாலியின் கராரா பளிங்கில் ஆம்ப். ஸ்விட்சைப் போட்டால் பளிங்குக்குள்ளிருந்து திருகு குமிழ்கள் வெளியே வரும், பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி எட்டு வால்வுகள் மேலே எழும், கண்ணாடி மூடி திறக்கும். சவ்வில் பிளாட்டினப் பூச்சு, தகட்டில் தங்கப் பூச்சு. பெருமாள் கோயில் சொர்க்கவாசலுக்குக்கூட இத்தனை ஏற்பாடு கிடையாது.

அந்த ஹெச்இ-1, 8 ஹெர்ட்ஸிலிருந்து 1,00,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரை வாசிக்கும் என்கிறார்கள். மனிதக் காது நல்ல வயசில் 20,000 வரைதான் போகும். நம் வயசில் 12,000 தாண்டினாலே பெரிய விஷயம். மிச்சத்தை யார் கேட்பது, வௌவாலா?

விலையில் மோசடி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு மெல்லிய சவ்வைச் சுருக்கமில்லாமல் ஒரே இழுவிசையில் கட்டவேண்டும், தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மயிரிழைகூடப் பிசகக் கூடாது, உள்ளே ஒரு தூசி இருக்கக் கூடாது. கையால் செய்யும் வேலை, உலகம் முழுக்க வாங்குகிறவர்களோ கொஞ்சம் பேர். விலை ஏறத்தான் செய்யும். சில விலைக்குப் பின்னால் நல்ல கதையும் இருக்கிறது. ஆடிஸி கம்பெனியின் சிஆர்பிஎன், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன் வேண்டும் என்ற தேவையில் ஆரம்பித்தது. அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாது என்பதால் சவ்வில் கார்பன் நானோகுழாய் சேர்த்தார்கள். 2021-இல் 4,500 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மூளை செலவழித்ததற்குக் காசு கேட்கிறான், கேட்கட்டும். நம் காதுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் என் கேள்வி. 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 283 ஹெட்போன்களை அளந்து பார்த்ததில், எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஹெட்போனில் எல்லாமே அந்த அளவுதானா என்றால் இல்லை. தம்புரா ரீங்காரத்தின் வால் அதில் வராது. இருந்தாலும் பெரும்பகுதி அதுதான்.

இன்னொன்று, நீ எதைக் கேட்கப்போகிறாய்? உன் பெட்டியில் பாதிக்கு மேல் மதுரை மணி அய்யரும் சோமுவும். மணி அய்யர் 1968-லேயே போய்விட்டார். அந்தக் கச்சேரிகள் யாரோ ஒரு ரசிகர் டேப்பில் பிடித்து, அது நாலு கை மாறி வந்தவை. பெரியவர் வீட்டில் அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். டேப்பின் இரைச்சல் துல்லியமாகக் கேட்டது, முன்வரிசையில் இருமியவர் துல்லியமாகக் கேட்டார். அய்யர் எங்கே இருந்தாரோ அங்கேயே இருந்தார். 009-ஐ மாட்டியதும் இருமியவர் இன்னும் கிட்டே வந்துவிட்டார்.

தவிலைப் பற்றிக் கேட்காதே. ஆடி வீதியில் சாமி புறப்பாட்டுக்குத் தவிலுக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சுக்கூட்டில் அடி வாங்கியவனுக்கு எந்த எலெக்ட்ரோஸ்டாடிக்கும் போதாது. சுத்தமாக வாசிக்கும், இடிக்காது. ஒரு கோடி கொடுத்தாலும் ஹெட்போன் நெஞ்சில் இடிக்காது.

மதுரையை மறந்துவிட்டாயோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. இந்த ஜாதி ஹெட்போன் பின்பக்கம் திறந்தது. உள்ளே இருப்பது வெளியே கேட்கும், வெளியே இருப்பது உள்ளே வரும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தம்புராவின் வாலைத் தேடுவாயா? ஃபேன் ஓடினால் 009-க்கும் எல்500-க்கும் உள்ள வித்தியாசம் போன இடம் தெரியாது. ஏசி போட்டால் அது ஒரு சுருதி. கோரிப்பாளையம் பக்கம் புழுதி. சவ்வில் தூசி ஒட்டினால் படபடவென்று பொரியும். ஐப்பசி மழையில் காற்று நசநசத்தால் ஏற்றிவைத்த மின்னூட்டம் கசிந்து ஒரு பக்கம் சத்தம் இறங்கிவிடும். பெரியவர் இரண்டையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூட்டி, பச்சைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். ரிப்பேருக்கு இங்கே ஆள் கிடையாது. ஸ்பீக்கர் வாய்ஸ் காயில் போனால் சுற்றித் தர டவுன்ஹால் ரோடு பக்கம் இன்னும் ஆள் இருக்கிறார்கள். இது போனால் ஜப்பானுக்குத்தான் அனுப்ப வேண்டும். பத்து லட்சத்தைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு உனக்குத் தூக்கம் வருமா?

ஆகவே எல்500 பார், கிடைத்தால் எல்700 பார். கூட ஒரு சின்ன ஸ்டாக்ஸ் ஆம்ப், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னும் குறைவாக வேண்டுமென்றால் காஸ் ஈஎஸ்பி/95எக்ஸ் இருக்கிறது. ஆம்பும் சேர்த்து 500 டாலருக்கே விற்றார்கள். கட்டமைப்பு பொம்மை மாதிரி இருக்கும், சத்தம் பொம்மை இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஆம்பின் பின்பக்கம் திருப்பிப் பார். ஜப்பானில் விற்பதற்கென்று செய்தது 100 வோல்ட்டுக்கானது. அதை இங்கே நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. பெரியவர் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று சுற்றி வாங்கி வைத்திருக்கிறார், தேவைப்பட்டால் உனக்கும் ஒன்று சுற்றச் சொல்லலாம். நேரே 230-க்கானதாகக் கிடைத்தால் அந்த வம்பே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு எக்ஸ்9000-தான் வேண்டுமென்றால் வாங்கிக்கொள், உன் காசு. ஞாயிற்றுக்கிழமை கேட்க நான் வந்துவிடுவேன்.

சரி, ஊர் விஷயம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள், கோயம்புத்தூர். செல்வம் வழக்கம்போல ரிட்டயர் ஆனதும் பண்ணை வைக்கிறேன் என்கிறான், அழகர்கோவில் பக்கம் இடம் பார்க்கிறான், விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். மகபூப்பாளையத்தில் உன் மாடி வீட்டுக்காரர் பங்குனிக்குள் காலி செய்துவிடுவதாகச் சொன்னார். ஒயரிங் பழசு, பின்னறையில் எர்த் சரியில்லை, அதை முதலில் மாற்றச் சொல்கிறேன். பெயிண்ட் என்ன நிறம் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. உன்னிடம் கேட்டால் வெள்ளை என்பாய்.

உன்,
பாண்டி