இடக்கைக்கு ஒரு வேலை

டிக்கோயா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

"கீட்டார் வாங்கிட்டேன்பா" என்று நீ அனுப்பியதைப் பார்த்து, அவசரத்தில் கிட்டாரை நெடிலாக்கிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் படம் வந்தது. ஓகனை, அதுதான் கீபோர்டை, குறுக்கி, கிட்டார் மாதிரி ஒரு பக்கம் பிடி வைத்து, வார் போட்டுத் தோளில் மாட்டியிருக்கிறாய். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "இவ்வளவு காசு குடுத்தும் ஒரு ஸ்டாண்ட் குடுக்கலையா?" என்று கேட்டாள்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் திருவிழா மேடைகளில் ஓகன் வாசித்தவன் என்றாலும் கீட்டாரை நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு நெருக்கமான இரண்டு விஷயங்களைச் செய்திருக்கிறேன். ஒன்று உனக்குத் தெரியும், மற்றதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

தெரிந்தது மார்கழி பஜனை. விடிய நாலு மணிக்கு, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசல்களில் பனி இறங்கிக் கிடக்கும்போது, உன் தாத்தா ஆர்மோனியத்தின் இரண்டு பக்க வளையத்திலும் துண்டைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். அவருக்குப் பிறகு நான் நடந்தேன். வெள்ளைக்காரர்களும் இதை அப்போதே செய்திருக்கிறார்கள். 1795இல் வியன்னாவில் ரோல்லிக் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் குட்டிப் பியானோ ஒன்றைச் செய்து 'ஓர்ஃபிகா' என்று பெயர் வைத்தார். ஆகவே நீ கையில் வைத்திருப்பது ஒன்றும் நேற்றுப் பிறந்த யோசனை இல்லை. ஆர்மோனியத்தில் வலக்கை வாசிக்கும், இடக்கை துருத்தியை அசைத்து மூச்சுக் கொடுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள், திரும்ப வருகிறேன்.

சொல்லாதது 1996 தேர்த் திருவிழா. டிராக்டர் பெட்டியில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், நாங்கள் ஆறு பேர். கிட்டார்க்காரன் இறங்கி ஆட்களுக்குள் நடந்து நடந்து வாசித்தான். கூட்டம் முழுக்க அவன் பின்னால் போனது. நான் ஸ்டாண்டுக்குப் பின்னால் தபால் கந்தோர்க்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பொறுக்கவில்லை. அடுத்த நாள் அம்மாவின் கொழுந்துக்கூடைக் கயிற்றை எடுத்து, ஓகனின் இரண்டு மூலையிலும் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஐந்து நிமிடம் நான்தான் ராஜா. தோட்டத்தின் மேல் பிரிவுக்குத் திரும்பும் முடக்கில் முடிச்சு அவிழ்ந்தது. மூன்று கட்டைகள் உடைந்தன. குற்றம் கயிற்றில் இல்லை, முடிச்சுப் போட்டவனிடம். அந்தக் கயிறு பதினைந்து வருடம் அம்மாவின் தலையில் பாரம் சுமந்த கயிறு.

ஓகன் விழுந்ததைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த ஐந்து நிமிடமும் என் இடக்கை ஓகன் விழாமல் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒரு கை வாசிக்கிறது, ஒரு கை கூலி வேலை பார்க்கிறது. மேடையில் புதிதாகக் கீட்டார் மாட்டும் பிள்ளைகளை யூடியூப்பில் பார்த்தேன், பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

அதனால் முதல் வேலை வார். மாட்டிக்கொண்டு நின்று இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பார். பிடிப் பக்கம் கீழே சரிகிறதா, அப்படியே நிற்கிறதா? சரிந்தால் வாரைக் குறுக்கு, அல்லது அகலமான, வழுக்காத வாராக மாற்று. நீ வாங்கியிருப்பது ரோலண்ட் ஏஎக்ஸ்-சிந்த் என்று படத்தில் தெரிகிறது, 2009இல் வந்தது. கிட்டத்தட்ட நாலு கிலோ. தூக்கிப் பார்க்கும்போது ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தோள் பேசும். அம்மாவிடம் கேட்டேன். 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்று இருந்த காலத்து ஆள் அவள். "பாரம் இல்ல, கயிறு பதியிற இடம்தான் வலி. துணிய நாலா மடிச்சு வைக்கச் சொல்லு" என்றாள். எந்தக் கடைக்காரனும் இதைவிட நன்றாகச் சொல்லமாட்டான். உயரம் எப்படி என்றால், வலது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடியும் அளவு. ஸ்டைலுக்காக இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பழகு. அப்புறம் எழுந்து நில்.

இனி இடக்கை. இந்தக் கடிதம் எழுதியதே இதற்காகத்தான்.

நீ ஏழு வயதில் என்னிடம் ஓகன் பழகியபோது இடக்கைக்கு கோர்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவதை, சொல்லிக் கொடுத்தேன். அதை இப்போது மறந்துவிடு. கீட்டாரில் இடக்கைக்குக் கட்டையே கிடையாது. அதற்குக் கொடுத்திருப்பது பிடியில் உள்ள அந்த நாடா மாதிரியான பட்டையும், அழுத்தும் தண்டும். பட்டையில் ஒரு பக்கம் தேய்த்தால் சுரம் ஏறும், மறுபக்கம் தேய்த்தால் இறங்கும், விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். தண்டை அழுத்தினால் சுரம் நடுங்கும். இவ்வளவுதான். ஆனால் நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள்ளேயே விடமாட்டோம் என்று தடை செய்தது. அந்தத் தடை தளர 1971 ஆனது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, கட்டையை அழுத்தினால் சுரம் நின்ற இடத்தில் நிற்கும், சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் வராது என்பது. தாத்தா அதைக் கேட்டு வாழ்நாள் முழுக்கக் கோபப்பட்டார், ஆனால் மறுக்கவும் இல்லை. அவருடைய இடக்கையால் மூச்சுத்தான் கொடுக்க முடிந்தது. உன் இடக்கையால் கமகமே கொடுக்க முடியும்.

மேல்நாட்டில் இதை முதலில் சரியாகப் பிடித்தவர்களில் கீபோர்ட் கலைஞர் யான் ஹாமர் ஒருவர். 1970களில் மினிமூக் என்ற சிந்தசைசரின் (மின்சாரத்தில் சத்தம் உருவாக்கும் கீபோர்ட்) பக்கத்தில் இருக்கும் சக்கரத்தை இடக்கையால் திருப்பித் திருப்பி, கண்ணை மூடினால் கிட்டார் என்றே நினைக்கும்படி வாசித்தார். கேட்டுப் பார். பிறகு 1980இல் மூக் கம்பெனி 'லிபரேஷன்' என்று தோளில் மாட்டுவதைக் கொண்டுவந்தது. 1982இல் ரோலண்ட் எஸ்எச்-101, அதற்குத் தனியாகப் பிடி வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 1984இல் யமஹாவும் கோர்க்கும் வந்தன. அவற்றில் பல வெறும் கட்டைப் பலகைதான், சொந்தமாகச் சத்தம் கிடையாது, வேறொரு சிந்தசைசரோடு வயர் போட வேண்டும். இப்போதும் அப்படிச் சில விற்கிறார்கள். உன்னுடையதுக்குள் சத்தம் இருக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் இல்லை. ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொள், வெள்ளவத்தை போடிங்கில் பக்கத்து அறைக்காரிகள் உன்னைத் திட்டவேண்டாம்.

பயிற்சி சொல்கிறேன். மோகன ராகத்தை எடுத்துக்கொள். ஐந்தே சுரம், சின்ன வயதில் பழகியது. போனில் சுருதிப்பெட்டியை ஒன்றாம் கட்டைச் சுருதியில், அதாவது C-யில், போடு. பட்டை சுரத்தை இழுக்கும் அளவு பெரும்பாலும் இரண்டு அரைச்சுரத்தில்தான் இருக்கும் (கறுப்பையும் சேர்த்து, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்), அதை மாற்றாதே. இப்போது ரிஷபத்தை அழுத்தி, பட்டையின் நடுவில் விரலை வைத்து, கடைசி வரைக்கும் தேய்த்துப் போ. காந்தாரம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று பார்க்க, இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் காந்தாரக் கட்டையைத் தனியாக அழுத்து. பட்டையில் விரல் இருக்கும்போதே அழுத்தினால் அந்தக் காந்தாரமும் ஏறிப்போய்க் கேட்கும், ஏமாந்துவிடாதே. ஸ-ரி, ரி-க, ப-த மூன்றும் இப்படி இரண்டுக்குள் அடங்கும். க-ப, த-ஸ் இரண்டும் மூன்று அரைச்சுர தூரம், பட்டை எட்டாது. அங்கே கட்டையையே அழுத்து. எங்கே தேய்க்கலாம், எங்கே தாவவேண்டும் என்று ராகமே சொல்லிக் கொடுக்கும்.

கையை எடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஏறிய சுரத்தை முடிக்கும்போது வலது விரலை முதலில் எடு, பிறகு இடது விரல். மாற்றி எடுத்தால் கடைசியில் சுரம் வழுக்கி விழும், வாழைப்பழத் தோலில் மிதித்த மாதிரி. வேண்டுமென்றே வழுக்கினால் அழகு, தெரியாமல் வழுக்கினால் கேவலம். நடுங்கும் தண்டை ஒரு மாதத்துக்குத் தொடவே தொடாதே. அது உப்பு மாதிரி. புதிதாகப் பிடித்தவர்கள் எல்லா இடத்திலும் கொட்டுவார்கள்.

வலக்கைக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். கட்டைகள் உன் பார்வையை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். குனிந்து பார்த்துக்கொண்டே வாசித்தால் கூட்டத்துக்கு உன் உச்சந்தலைதான் தெரியும். கறுப்புக் கட்டை இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருப்பதை விரலால் தடவியே ஸட்ஜத்தைக் கண்டுபிடிக்கப் பழகு. 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது நான் பழைய ஓகனில் பெட்டரி போட்டு இருட்டில் வாசித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்போதுதான் என் விரலுக்குக் கண் வந்தது. நீ லைட்டை அணைத்தால் போதும்.

சத்தம் எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். பியானோவை எடுக்காதே. பியானோவில் அடித்த சுரம் தேய்ந்துகொண்டே போகும், நீ இழுத்துக் காட்டுவதற்குள் அது செத்துவிடும். அழுத்தியிருக்கும் வரை நிற்கிற சத்தம் வேண்டும். வயலின், புல்லாங்குழல், இல்லாவிட்டால் சிந்த் லீட் என்று போட்டிருக்கும் தனி வாசிப்புச் சத்தம். ஒரு நேரத்தில் ஒரே சுரம் வரும்படி வைத்துக்கொண்டால் நாதஸ்வரக்காரர் மாதிரி யோசிக்கத் தொடங்குவாய். அதுதான் இந்த வாத்தியத்தின் இடம். உங்கள் குழுவில் ஏற்கனவே ஒரு ஓகன்காரர் இருக்கிறார் அல்லவா, கோர்ட் எல்லாம் அவரிடமே இருக்கட்டும், அவர் வயிற்றில் அடிக்காதே. பாடகர் பாடும்போது சும்மா இரு. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளே போ. ஆட்டம் போட வைக்கும் பைலாப் பாட்டு வந்தால் மட்டும் இந்த விதியை எல்லாம் தூக்கிப் போடு, அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

பாடகர் "எனக்கு இரண்டரைக் கட்டை" என்று சுருதி சொன்னால் பயப்படாதே. ஒன்றாம் கட்டையில் பழகியதை, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் மூன்று அரைச்சுரம் ஏற்றினால் சரி. பாட்டு முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்காதே. நான் மறந்து அடுத்த பாட்டைத் தொடங்கி, அம்மன் சந்நிதியிலேயே ஆறு பேரும் ஆறு பக்கம் போனது எங்கள் குழுவில் இன்றும் பேச்சு.

வயர் விஷயம். கேபிளை நேராகச் செருகாமல், வாருக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகு. யாராவது மிதித்தால் வார் தாங்கும், ஜாக் பிய்ந்து போகாது. ஒரே கேபிள் என்றால் இடது பக்க ஓட்டையில் போடவேண்டும், அங்கே 'மோனோ' என்று எழுதியிருக்கும். செருகும்போதும் கழற்றும்போதும் சத்தத்தைக் குறைத்துவிடு, சவுண்ட்கார அண்ணன் உன்னை வாழ்த்துவார். பெட்டரி எட்டு, ரீசார்ஜ் செய்கிற வகை வாங்கு. ஒரு மாதம் வாசிக்காமல் வைப்பதென்றால் கழற்றிவிடு.

திருவிழாவுக்கு அதையும் தூக்கிக்கொண்டு வருவாய் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். வந்தால், கினிகத்தேனைக்கு மேலே ஏறியதும் குளிர் பிடிக்கும். உறை குளிர்ந்து போய்தான் வீட்டுக்குள் வரும். அடுப்படிச் சூட்டில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோர்க்கும். ஒரு மணி நேரம் உறைக்குள்ளேயே கிடக்கட்டும். நீயும் அதற்குள் சாப்பிட்டுவிடலாம்.

அம்மா பழைய கம்பளியை வெட்டி வாருக்கு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை அங்குல அகலம் என்று அளந்து அனுப்பு. இந்தக் கிழமைக்குள் மோகனத்தில் ஸ-ரி-க மட்டும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடு, பாட்டு வேண்டாம். வரும்போது கேபிளையும் மறக்காமல் கொண்டுவா. இங்கே இருந்ததை எலி கடித்துவிட்டது.

அப்பா